குமுதா போடாத கையெழுத்து

கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் லோரி கம்பெனி வைத்திருக்கும் இராமலிங்கம் என்றால் கிள்ளானில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு என் லோரிகளைத் தெரியும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். லோரியில் கெலிண்டானாக, அதாவது மூட்டை ஏற்றி இறக்கும் கையாளாகத் தொடங்கினேன். பிறகு ஓட்டுநரானேன். பிறகு யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பழைய லோரியை வாங்கி, நானே அடியில் படுத்துப் பழுது பார்த்து ஓட்டினேன். பேங்க்காரன் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னதே என் ஐந்தாவது லோரிக்குப் பிறகுதான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, சுங்கைவே குமுதாவைப் பற்றி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சில கடைகளில் இன்றைக்கும் அவள் பெயரை எடுத்தால், "யாரு, அந்தத் திருட்டு சாப்ட்வேர் பொம்பளையா?" என்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைச் சொல்வதில் பிழை விடமாட்டேன்.

குமுதா சுங்கைவேயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் சின்ன வயதிலேயே ஆபரேட்டராகச் சேர்ந்தவள். அந்த பேக்டரி ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அவளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். புருஷன் ஏற்கெனவே விட்டுப் போயிருந்தான். கூட வேலை செய்த பெண்கள் சிலர் அழுதார்கள், சிலர் நாசி லெமாக் சோறு கட்டி விற்றார்கள். இவள் சாயங்கால வகுப்பில் சேர்ந்து கம்ப்யூட்டர் படித்தாள். வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்து முடித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடையின் பின்பக்க அறையை வாடகைக்கு எடுத்து, பழுது பார்க்கும் தொழில் தொடங்கினாள். இப்படிப்பட்டவர்களை எனக்குப் பிடிக்கும். நானும் அப்படி வந்தவன்தானே.

என் ஆபீசுக்கு அவள் முதலில் வந்தது, கம்ப்யூட்டர் செத்துப் போனதால். பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அங்கிள், இதுல இருக்கிற பில்லிங் சாப்ட்வேர் திருட்டுக் காப்பி. ரெய்டு வந்தா மாட்டிக்குவீங்க."

"வித்தவன் ஒரிஜினல்னானே!"

"அவன் சொல்லுவான். பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில விக்கிற வாட்ச்கூட ஒரிஜினல்தான், கேட்டுப் பாருங்க."

பிறகு ஓப்பன் சோர்ஸ் என்று ஒன்றைப் பற்றி விளக்கினாள். உலகத்தில் பல பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று விட்டிருக்கும் மென்பொருளாம். போட்டுக் கொடுக்கும் கூலியும் பராமரிக்கும் கூலியும் மட்டும் அவளுக்கு. நான் நம்பவில்லை. சும்மா எவன் கொடுப்பான்? ஆனால் அவள் போட்டுக் காட்டியபோது நம்பினேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று தெரிந்து, அந்த மென்பொருளின் உள்ளே கை வைத்து, எனக்காகத் தமிழில் பெரிய பெரிய பொத்தான்கள் செய்திருந்தாள். 'லோரி போச்சு'. 'லோரி வந்துச்சு'. 'சரக்கு குறையுது'. அதுவரை கிளார்க் பையன்கள் சொன்னதைத்தான் நான் நம்பவேண்டியிருந்தது. அன்றிலிருந்து என் கம்பெனியை நானே என் கண்ணால் பார்த்தேன். கட்டிப் போடாத மென்பொருள் என்பதால்தான் அப்படிச் செய்ய முடிந்தது என்றாள்.

நான் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடை வைத்திருக்கும் பரமேஸ்வரனிடம் சொன்னேன். கிள்ளானில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஷம்சுதீனிடம் சொன்னேன். அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். அவளுக்குத் தொழில் பெருகியது.

ஆனால் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "சும்மா குடுத்தா அது களவு சரக்குதானே?" முன்பு திருட்டுக் காப்பிக்காக அதிகாரிகள் கடை கடையாக ஏறி இறங்கிய பயம் அவர்களுக்கு விட்டுப் போகவில்லை. மென்பொருளோடு வரும் லைசென்ஸ் வாசகத்தை அவள் அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டினாள். பரமேஸ்வரன் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"சாப்பு எங்க?" என்றார்.

சாப்பு என்றால் கம்பெனியின் ரப்பர் முத்திரை. இந்த ஊரில் வியாபாரம் செய்பவனுக்குத் தெரியும். லோரியிலிருந்து ஒரு பெட்டி இறங்கினாலும் ரசீதில் சாப்பு குத்த வேண்டும். சாப்பு இல்லாத காகிதம் வடை மடிக்கத்தான் ஆகும். உலகம் பூராவும் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதியதற்கு யார் சாப்பு குத்துவது? குமுதா யோசித்துப் பார்த்துவிட்டு, கிள்ளானில் ஒரு கடையில் தன் பெயருக்கு நீல மையில் வட்டமாக ஒரு சாப்பு செய்துகொண்டாள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு உத்தரவாதக் கடிதம் கொடுத்தாள்: 'இந்த மென்பொருள் ஒரிஜினல். என்னால் வழங்கப்பட்டது. எந்தப் பிரச்சினை வந்தாலும் நானே பொறுப்பு.' கீழே கையெழுத்து, சாப்பு. எல்லாருக்கும் பரம திருப்தி. பரமேஸ்வரன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு கடை லைசென்ஸ் பக்கத்தில் மாட்டினார். நானும் ஒன்று வாங்கி பைலில் வைத்தேன். எங்களில் ஒருவருக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

அப்படியே சில வருஷங்கள் ஓடின. பிறகு கடிதங்கள் வந்தன.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, கோலாலம்பூரில் ஒரு பெரிய வக்கீல் ஆபீஸ் மூலமாக, அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிற கடைகளுக்கெல்லாம் தனித்தனியாக அனுப்பியிருந்தது. எனக்கும் வந்தது. கிளார்க் பையனை வாசித்துச் சொல்ல வைத்தேன். அந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்குள் தங்களுடைய வரிகள் களவாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன, ஆகவே அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் சட்டத்தை மீறியவர், உடனே தங்களிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட் என்று இருந்தது. எழுதியவனை விட்டுவிட்டு, உபயோகிப்பவன் கழுத்தில் கத்தி.

குமுதா அந்த வக்கீல் ஆபீசுக்கு மரியாதையாகப் பதில் எழுதினாள். எந்த வரிகள் என்று காட்டினால் எடுத்துவிடுகிறேன் என்று. ரகசியம் காப்பதாக முதலில் கையெழுத்துப் போட்டால்தான் காட்டுவோம் என்று பதில் வந்தது. அதாவது, பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது.

"எதத் திருடுனோம்னே சொல்ல மாட்டேங்கிறாங்க, அங்கிள். சொன்னாலும் நான் யார்கிட்டயும் கேட்கக் கூடாதாம்" என்றாள்.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த வக்கீல் மாதவியிடம் அவளைக் கூட்டிப் போனேன். மாதவி எல்லாவற்றையும் படித்தார்.

"அவங்களுக்கு கேஸ் வேணாம் அங்கிள். பயந்து போய் லைசென்ஸ் வாங்குனா போதும்."

"அப்ப நின்னு பாத்துரலாமா?"

"நின்னா ஜெயிக்கலாம். ஆனா வருஷக்கணக்குல இழுப்பாங்க." பிறகு குமுதாவைப் பார்த்தார். "உங்க உத்தரவாதக் கடிதம்தான் பிரச்சினை. சும்மா போட்டுக் குடுத்தேன்னு இருந்தா நீங்க ஒரு மெக்கானிக். 'என்னால் வழங்கப்பட்டது, நானே பொறுப்பு'ன்னு சாப்பு குத்தினதால இப்ப நீங்கதான் வியாபாரி. அது அவங்க கைக்குப் போகாம பாத்துக்குங்க."

வெளியே வந்ததும் நான் ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டேன். பரமேஸ்வரன் மூன்று தடவை எடுக்கவில்லை. நேரில் போனேன். சுவரில் சட்டம் மாட்டியிருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"எங்கய்யா அது?"

"வக்கீல் ஆபீஸ்ல கேட்டாங்கண்ணே. யாரு சப்ளை பண்ணுனதுன்னு பேப்பர் குடுத்து, ஒரு டிக்ளரேஷன்ல சைன் பண்ணுனா என்னைய விட்டுடுறோம்னாங்க. குடுத்துட்டேன்."

"டிக்ளரேஷன்ல என்ன எழுதியிருந்துச்சு?"

"படிக்கலண்ணே. சாப்பு கேட்டாங்க, குத்திட்டேன்."

அவரைத் திட்டுவதற்கு வாய் வரவில்லை. நானும் எத்தனை காகிதங்களில் படிக்காமல் குத்தியிருக்கிறேன். ஆனால் அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்க் கொடுத்துவிட்டார்கள். ஷம்சுதீனும் நானும் மட்டும் பாக்கி.

அடுத்த கடிதம் குமுதாவின் பெயருக்கே வந்தது. திருடப்பட்ட மென்பொருள் என்று அறிந்தே வியாபாரிகளுக்கு வழங்கினேன் என்று அவள் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் அவள் மீதும் கடைக்காரர்கள் மீதும் நடவடிக்கை இராது. இல்லையென்றால் டிக்ளரேஷன் கொடுத்தவர்கள் உட்பட எல்லார் மீதும் வழக்கு, முதல் பெயர் குமுதா. சுங்கைவேயில் பேக்டரிச் சம்பளத்தில் வாங்கிய ஒரு சின்ன வீடுதான் அவள் சொத்து. வழக்கு நடத்தினால் அது போய்விடும் என்று மாதவி ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

இந்தச் செய்தி பரவியதும் பரமேஸ்வரன் எல்லாரையும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடிக்குக் கூப்பிட்டார். பேசித் தீர்க்கவாம். நான் குமுதாவோடு போனேன். அவள் அன்றைக்கு எதுவும் சாப்பிடவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மேசையில் அந்த ஒப்புதல் காகிதம், மேலே ஒரு பேனா.

"ஒரு கையெழுத்துதானே லா" என்றார் பரமேஸ்வரன். "ஜெயில் இல்ல, பைன் இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம்."

"திருடின்னு எழுதியிருக்குண்ணே."

"பேப்பர்லதானே எழுதியிருக்கு? நெத்தியிலயா எழுதியிருக்கு?"

யாரோ சிரித்தார்கள். நான் மேசையைத் தட்டினேன்.

"பரமேஸ்வரா, நீ வாங்குறப்ப ஒரிஜினலான்னு அவகிட்ட எத்தன தடவ கேட்ட? இப்ப அவளையே களவுன்னு சொல்லச் சொல்றியா? நான் கெலிண்டானா இருந்தப்ப முதலாளி ஒரு மூட்டை காணோம்னு என் மேல பழி போட்டான். சம்பளமே வேணாம்டான்னு வெளிய வந்தவன் நான்!"

"அண்ணே, உங்க கதைய அப்புறம் கேட்கிறோம்" என்றார் அவர். "உங்களுக்கு லோரி இருக்கு. எங்களுக்குக் கடை."

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த ஷம்சுதீன் எழுந்து வந்து குமுதாவின் எதிரில் உட்கார்ந்தார். இராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, மாவாட்டி, ரொட்டி தட்டி, உள்ளூர்க்காரர் ஒருவரோடு கூட்டாகக் கடை நடத்துகிற மனிதர். அவர் குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, நான் ஊரு விட்டு வந்தவன். நாளைக்கு கோர்ட்ல என் பேரு ஏறுச்சுன்னா பெர்மிட்டு புதுப்பிப்பாங்களோ மாட்டாங்களோ தெரியாது. என் வீட்டுக்காரி ஹாஜிராவும் புள்ளைங்களும் இங்கதான் இருக்காக. உங்க பேப்பர நான் இன்னும் குடுக்கல. குடுக்கவும் மனசு வரல. ஆனா நான் என்னக்கா செய்ய?"

பரமேஸ்வரனின் அதட்டலுக்கு அசையாதவள் இதற்கு அசைந்தாள். பேனாவை எடுத்தாள். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். நான் அவள் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன், பிடிக்கவில்லை. அது அவள் பெயர், அவள் கை. அந்த வரியை அவள் மெதுவாக ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். உதடு அசைந்தது. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பேக்டரியில இருந்தப்ப தெனமும் கேட்ல நிறுத்தி பைய கொட்டிப் பாப்பாங்க" என்றாள். "சாப்பாட்டு டப்பாவக்கூட திறப்பாங்க. அத்தன வருஷத்துல ஒரு திருகாணி கூட என் பையில இருந்ததில்ல. பாக்குறது அவங்க வேலைன்னு நான் கோவிச்சுக்கிட்டதில்ல. இத என்னால போட முடியாது. செத்தாலும் முடியாது."

கீழே பரிமாறுகிறவர் தே தாரிக் டீக் கணக்கைக் கத்திக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"ஆனா உங்க யாரையும் மாட்ட விட மாட்டேன்" என்றாள். "ஒவ்வொரு கடையா வரேன். அந்த சாப்ட்வேர சுத்தமா எடுத்துடுறேன். உபயோகிக்கிறவங்களே இல்லன்னா அவங்க யார மிரட்டுவாங்க?"

மாதவியிடம் கேட்டோம். நடந்தது நடந்ததுதான், அழித்தால் மட்டும் பழைய உபயோகம் சட்டப்படி மறைந்துவிடாது, ஆனால் லைசென்ஸ் விற்க வழியில்லாத சின்னக் கடைகளின் பின்னால் அவர்கள் செலவு செய்து வரமாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது என்றார். தோன்றுகிறது, அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை நம்பிக்கொண்டு அவள் தன் தொழிலைத் தானே பிடுங்கக் கிளம்பினாள்.

கடை கடையாகப் போனாள். பதிவுகளை யாருக்கும் நஷ்டமில்லாமல் வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு, தான் போட்டதைத் தானே அழித்தாள். கூலி கேட்கவில்லை. ஷம்சுதீன் கடையில் ஹாஜிரா அவளை உட்கார வைத்துச் சோறு போட்டாள் என்று கேள்விப்பட்டேன். பரமேஸ்வரன் கடையில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. புது மென்பொருள் விற்கிற ஏஜெண்டு அங்கே ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தானாம்.

கடைசியாக மேருவுக்கு வந்தாள்.

"என் கம்ப்யூட்டர்ல கை வைக்காத" என்றேன். "எவன் வர்றானோ வரட்டும். நான் கோர்ட்டுக்குப் போறேன். நாலாம் கிளாஸ் படிச்சவன் பெரிய வக்கீல நிக்க வச்சு, எந்த வரிய திருடுனோம்னு கேட்டான்னு ஊரே பேசணும்."

"அங்கிள், நீங்க போனா நானும்தான் போகணும். உங்க பைல்ல என் சாப்பு இருக்கு."

"என் செலவுல போவோம்."

"நீங்க தோத்தா ஒரு லோரிய விப்பீங்க. நான் தோத்தா எத விக்கிறது? வீட்ட விட்டா என்கிட்ட என்ன இருக்கு? ஒருத்தர் பாக்கி இருந்தாலும் அவங்க விடமாட்டாங்க." அவள் கும்பிட்டாள். என்னிடம் எதற்கும் கெஞ்சாதவள் அவள். "உங்க காலப் புடிச்சுக் கேட்கிறேன், அங்கிள். எடுக்க விடுங்க."

எத்தனையோ பேரை எதிர்த்து நின்ற எனக்கு, அவளை எதிர்த்து நிற்க முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அவள் உட்கார்ந்தாள். பின்னால் நின்று பார்த்தேன். 'லோரி போச்சு', 'லோரி வந்துச்சு' எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. ஒவ்வொன்றாக அழிக்கும்போது அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், நிறுத்தவில்லை. வெளியே ஓட்டுநர்கள் ரசீதுக்காக ஹாரன் அடித்தார்கள். உத்தரவாதக் கடிதத்தை பைலிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இங்கேயே ஆபீசில் வேலைக்கு இரு என்றேன். நான் இங்கே இருந்தால் நீங்கள் இன்னும் அதையே ஓட்டுகிறீர்கள் என்று சொல்வார்கள் என்று மறுத்துவிட்டாள்.

தையல் கடையின் பின்பக்க அறையைக் காலி செய்துவிட்டு, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பேக்டரியில் திரும்பவும் ஆபரேட்டராகச் சேர்ந்தாள், இந்த வயதில், ஷிப்ட்டு வேலை. நானும் ஏஜெண்டிடமே புதுசு ஒன்று வாங்கினேன். முழுக்க இங்கிலீஷ். கிளார்க் வாசித்துச் சொல்ல, பழையபடி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வக்கீல் ஆபீசிலிருந்து அதற்குப் பிறகு கடிதம் இல்லை. வழக்கும் இல்லை. விட்டுவிட்டார்களா என்றால் அதையும் சொல்லவில்லை. எந்த வரி திருட்டு என்று இன்றுவரை ஒருவருக்கும் காட்டவில்லை. அவளைத் திரும்பக் கூப்பிட்டு அதையே போடச் சொல்லலாமா என்று கேட்டால் மாதவி தோளைக் குலுக்குகிறார். முடிந்ததா இல்லையா என்று தெரியாத ஒன்றுக்கு அவள் தினமும் பயந்துகொண்டிருக்கிறாள். தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சன்னலுக்கு ஓடிப் பார்க்கிறேன் என்றாள் என்னிடம்.

போன மாதம் பரமேஸ்வரன் தன் கடையில், நான் இருக்கும்போதே, நாலு பேர் முன்னால் அவளைத் திருடி என்றார். அவர் சாப்பு குத்திய அந்த டிக்ளரேஷனின் நகலைக் குமுதாவுக்கு வந்த கடிதத்தோடு இணைத்திருந்தார்கள்; மாதவியை வாசிக்கச் சொல்லி அதைக் கேட்டிருந்தேன். அங்கேயே சத்தமாகச் சொன்னேன்.

"திருட்டு மென்பொருளை உபயோகிச்சேன்னு எழுதிக் குடுத்தது நீ. குமுதா எழுதிக் குடுக்கல. இப்ப யாருய்யா திருடன்?"

பரமேஸ்வரன் மேசையில் கிடந்த புடவையை மடிக்கத் தொடங்கினார். எனக்கு ஒரே குஷி. வெளியே வந்து முதல் வேலையாக அவளுக்குப் போன் போட்டு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"ஏன் அங்கிள் அப்படிக் கேட்டீங்க? அவரும் பயந்துதானே குத்துனாரு" என்றாள். "நீங்க பேசுனது அவங்க காதுக்குப் போச்சுன்னா திரும்பவும் ஆரம்பிப்பாங்க. இனிமே என் பேர எங்கயும் எடுக்காதீங்க, ப்ளீஸ்."

"உன் பேரு கெட்டுப் போச்சேம்மா. அதுக்குத்தானே நீ கையெழுத்தே போடல?"

"நான் போடலன்னு எனக்குத் தெரியும்ல. வச்சிடுறேன் அங்கிள், பஸ் வந்துருச்சு."

இதை எழுதட்டுமா என்று பிறகு நேரில் போய்க் கேட்டேன். வேண்டாம் என்றாள். மறுபடியும் கேட்டேன். "சரி, எழுதுங்க. அந்தக் கம்பெனி பேர மட்டும் போடாதீங்க" என்றாள். போடவில்லை.